ஹார்ட்நாட் கணவாய்: மூன்றுக்கு ஒன்று

முதல் நாள்: ரேவன்கிளாஸிலிருந்து பூட் வரை

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவின் ஏரி மாவட்டத்தில், எஸ்க்டேல் பள்ளத்தாக்கையும் டடன் பள்ளத்தாக்கையும் இணைக்கும் ஹார்ட்நாட் கணவாயைச் சைக்கிளில் கடக்க வேண்டும் என்று நானும் என் மனைவியின் தம்பியும் பேசத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவாயின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 393 மீட்டர்தான். மலை நாட்டில் பிறந்தவர்கள் அதை மேடு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த உயரத்தை எட்டச் சாலை எடுத்துக்கொள்ளும் தூரம்தான் சிக்கல். மேற்குப் பக்கம், எஸ்க் ஆற்றின் ஓரத்திலிருந்து உச்சி வரை, சுமார் 2.2 கிலோமீட்டரில் ஏறத்தாழ 300 மீட்டர் ஏறிவிடுகிறது. சராசரிச் சரிவு 13 சதவீதம்; மிகச் செங்குத்தான இடத்தில் மூன்றுக்கு ஒன்று, அதாவது 33 சதவீதம். இங்கிலாந்திலேயே மிகச் செங்குத்தான சாலை எது என்று கேட்டால், வடக்கு யார்க்ஷயரில் உள்ள ரோஸ்டேல் சிம்னி ஏற்றத்தையும் இதையும் சேர்த்தே சொல்வார்கள்.

பிரஸ்டனில் காலையில் ரயிலேறினோம். கடற்கரையை ஒட்டிச் செல்லும் அந்த ரயிலில் சைக்கிள்களுக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. இரண்டையும் சாய்த்து வைத்துவிட்டு, யாராவது மூன்றாவதாக ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்களோ என்ற கவலையோடுதான் ஒவ்வொரு நிலையத்தையும் கடந்தோம். ஆற்று முகத்துவாரங்களின் மேல் கட்டிய நீண்ட பாலங்களில் ரயில் போகும்போது இரு பக்கமும் ஈர மணல்வெளி தவிர வேறொன்றும் இல்லை.

ரேவன்கிளாஸ் மிகச் சிறிய ஊர். ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவுக்குள் கடலோரத்தில் இருக்கும் ஒரே கிராமம் அது; இர்ட், மைட், எஸ்க் ஆகிய மூன்று ஆறுகள் அங்கே ஒன்றுகூடிக் கடலில் சேர்கின்றன. ரோமானியர்கள் அதைக் கிளனோவென்டா என்று அழைத்தார்கள். அவர்களுடைய குளியலறைக் கட்டடத்தின் சுவர்கள், கிட்டத்தட்ட நான்கு மீட்டர் உயரத்துக்கு, மரங்களுக்கிடையே இன்றும் நிற்கின்றன. நாளை நாங்கள் ஏறப்போகும் சாலையின் முன்னோடியும் அவர்கள் போட்டதுதான்: இந்தத் துறைமுகத்திலிருந்து, இன்று ஆம்பிள்சைட் என்று வழங்கும் ஊரில் இருந்த கலாவா கோட்டை வரை, மலையை நேரே கடந்து சென்ற பாதை.

ஊரிலிருந்து மேலே டேல்கார்த் வரை 7 மைல் தூரத்துக்கு ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. இரும்புத் தாது கொண்டுவருவதற்காக 1875-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை. தாதுத் தொழில் நொடித்த பிறகு, 1915-இல் வெறும் 15 அங்குல அகலத்தில் மாற்றிப் போடப்பட்டது. அதில் ஏறிக்கொண்டால் கால்கள் நாளைக்கு மிச்சமாகும் என்றான் மைத்துனன். மறுத்துவிட்டேன். எஸ்க்டேல் கிரீன் வழியாக, இளஞ்சிவப்புக் கருங்கல்லில் சாந்து பூசாமல் அடுக்கிய சுவர்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு பிற்பகலில் பூட் கிராமத்தை அடைந்தோம். இந்தப் பள்ளத்தாக்கின் அடிப்பாறையே அந்த நிறம்தான். வீடு, சுவர், பாலம் எல்லாம் ஒரே பாறையிலிருந்து வந்தவை.

இரண்டு சைக்கிள்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். என்னுடையது கார்பன் சட்டம் கொண்டது. எடை 9 கிலோ. முன்னால் சிறிய பல்சக்கரத்தில் 34 பற்கள், பின்னால் பெரியதில் 32. மைத்துனனுடையது பதினைந்து ஆண்டுப் பழைய மலைச் சைக்கிள், 14 கிலோ, முன்னால் மூன்று பல்சக்கரங்கள், அவற்றில் மிகச் சிறியதற்கு 22 பற்கள். இந்தக் காலத்தில் யாரும் வாங்காத அமைப்பு. ரயிலில் வரும்போதெல்லாம் அதைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரவு உணவின்போது மட்டும், "அத்தான், நாளைக்குச் சாயங்காலம் பேசிக்குவோம்" என்றான்.

இரண்டாம் நாள்: ஏற்றம்

இரவில் மழை பெய்து விடியும்போது நின்றிருந்தது. நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மையார் காலை உணவு பரிமாறும்போது, உச்சியிலிருந்து இறங்கும் கார்களைக் கவனிக்கச் சொன்னார். ஏறுகிறவர்களைவிட, வழிகாட்டிக் கருவியை நம்பித் தெரியாமல் இந்தச் சாலைக்குள் நுழைந்துவிட்டவர்கள்தான் ஆபத்து என்பது அவர் கருத்து.

பூட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை சாலை ஆற்றோடு சேர்ந்து மெல்ல மேலேறுகிறது. ஒரு பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டைத் தாண்டியதும் எச்சரிக்கைப் பலகை வருகிறது: குறுகிய சாலை, கடுமையான வளைவுகள், 30 சதவீதச் சரிவு. அதன் பிறகு, ஆடுமாடுகள் தாண்டிப் போகாதபடி சாலையின் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறார்கள். சக்கரம் நேராகச் சென்றால் ஒன்றும் ஆகாது. ஈரக் குழாயின் மேல் கைப்பிடியைச் சற்றுத் திருப்பினாலும் வழுக்கிவிடும். அதைத் தாண்டிய மறு நொடியில் ஏற்றம் தொடங்குகிறது. பதமாக ஆரம்பித்து வேகம் பிடிக்க இடமே கிடையாது.

நான் எந்தக் கணக்கும் போடாமல் வந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரம் 150 கிலோமீட்டர் ஓட்டுகிறவன், கால்கள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. போட்டிருக்க வேண்டிய கணக்கு இதுதான்: என் சைக்கிளின் மிகக் குறைந்த கியரில், மிதிகட்டையை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் வண்டி 2.2 மீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னே போகும். 25 சதவீதச் சரிவில் அந்த ஒரு சுற்று என்னையும் வண்டியையும் பையையும், மொத்தம் 88 கிலோவை, 54 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கியாக வேண்டும். வீட்டு மாடிப்படியில் மூன்று படிகள். நிமிடத்துக்கு 40 சுற்று என்றால், ஒன்றரை நொடிக்கு ஒரு தரம் மூன்று படிகளைத் தாவ வேண்டும்; அதற்கு 310 வாட் தேவை. சரிவு 30 சதவீதமானால் 370 வாட் அளவுக்குப் போகும். ஒரு மணி நேரம் தொடர்ந்து என்னால் தர முடிந்தது 180. சில நிமிடங்களுக்கு 300 தரலாம், அதன் பின் கடன் வாங்கியவன் கதைதான். மெதுவாக மிதித்துத் தப்பிக்கலாமே என்று தோன்றும். ஆனால் சுற்று 40-க்குக் கீழே குறைந்தால் வண்டி மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் கீழே போய், நிமிர்ந்து நிற்பதே பாடாகிவிடும்.

முதல் வளைவு வரை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் உட்புறத்தை ஒட்டித் திரும்பியது என் பிழை. வளைவின் உட்புறம் மிகக் குறுகியது, ஆகவே மிகச் செங்குத்தானது. எதிரே வண்டி வராவிட்டால் வெளிப்புறமாகச் சுற்றிப் போவதுதான் இங்கே வழக்கம். எழுந்து நின்று மிதித்தேன்; பின் சக்கரத்தின் மேல் எடை குறைந்து, ஈரத் தாரில் அது அரைச் சுற்று சும்மா சுழன்றது. உடனே உட்கார்ந்தேன், இப்போது எடை பின்னால் போய் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. மார்பைக் கைப்பிடிமேல் சாய்த்து, இருக்கையின் நுனியில் ஒட்டிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைக் கண்டுபிடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. என் காலணிகள் மிதிகட்டையில் பூட்டிக்கொள்ளும் வகை. குதிகாலைத் திருகி விடுவிக்க அரை நொடி போதும்; அந்த அரை நொடி கிடைக்கவில்லை. சாலையோரப் பெரணிப் புதரில் பக்கவாட்டாகச் சாய்ந்தேன். அடிபடவில்லை. அருகில் நின்ற ஆடு ஒன்று மெல்லுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

25 சதவீதச் சரிவில் நின்றுவிட்ட சைக்கிளை மீண்டும் கிளப்ப முடியாது என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரு காலைப் பூட்டி மிதித்து, மற்றக் காலை மேலே கொண்டுவருவதற்குள் வண்டி பின்னோக்கி வரத் தொடங்கிவிடுகிறது. சாலையின் குறுக்கே வண்டியைத் திருப்பி நிறுத்திக் கிளம்புவது ஒரு வழி. சாலையின் அகலமோ ஒரு கார் செல்லும் அளவுதான். இரண்டு முறை முயன்றுவிட்டுத் தள்ளத் தொடங்கினேன். பூட்டுக் காலணியின் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் கட்டை தாரில் வழுக்குவதால் தள்ளுவதும் எளிதில்லை. கடைசியில் காலணியைக் கழற்றிக் காலுறையோடு நடந்தேன். எனக்கு மேலே, நாற்பது ஐம்பது மீட்டர் தொலைவில், நடக்கிற வேகத்தில் மைத்துனன் போய்க்கொண்டிருந்தான். அவன் கால்கள் தையல் எந்திரத்தின் மிதிபலகை போல வேகவேகமாகச் சுழன்றன. வண்டி மட்டும் நத்தையாக ஊர்ந்தது.

ஏற்றத்தின் நடுப்பகுதி சற்று இளகுகிறது. அங்கே மீண்டும் ஏறிக்கொண்டு, சாலைக்கு இடப்புறம் உள்ள ரோமானியக் கோட்டை வரை ஓட்டினேன். மைத்துனன் சுவரில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

மீடியோபோக்டம் என்று பெயர் கொண்ட இந்தக் கோட்டை, பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 120-க்கும் 138-க்கும் இடையே கட்டப்பட்டது. இங்கே கிடைத்த கல்வெட்டுத் துண்டு ஒன்று, டல்மேஷியர்களின் நான்காம் படைப்பிரிவைக் குறிப்பிடுகிறது. அதாவது இன்றைய குரோயேஷியாவின் கடற்கரைப் பகுதியில் திரட்டப்பட்ட சுமார் 500 வீரர்கள், அத்ரியாட்டிக் வெயிலை விட்டு வந்து, இந்த மழையிலும் காற்றிலும் காவல் இருந்திருக்கிறார்கள். மூலைகள் வளைந்த சதுரமான சுற்றுச்சுவர், நான்கு பக்கமும் வாயில்கள், நடுவே தலைமையகம், அதன் அருகே தானியக் கிடங்குகள். கோட்டைக்கு வெளியே, சாலையிலிருந்து ஏறி வரும் வழியில், குளியலறை; அதில் வட்டமான ஓர் அறை வியர்வைக் குளியலுக்கானது. இன்னும் மேலே போனால், மலைச்சரிவைச் செதுக்கிச் சமன் செய்த அணிவகுப்புத் திடல். இத்தனை சரிவான நிலத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்துவதற்காக மட்டும் ஒரு சமதளத்தை உண்டாக்கியிருக்கிறார்கள் என்பதை, அப்போதுதான் சரிவோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்த நான், கோட்டையைவிடவும் பெரிய வேலையாக எண்ணினேன்.

சுவரில் ஒரு மட்டத்தில் பலகைக் கல் வரிசை ஒன்று ஓடுகிறது. அதற்குக் கீழே இருப்பது ரோமானியர் அடுக்கியது. மேலே இருப்பது விழுந்து கிடந்த கற்களைக் கொண்டு இக்காலத்தில் திரும்ப அடுக்கியது. எது பழையது எது புதியது என்று பார்க்கிறவருக்குச் சொல்லிவிடும் இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வடக்கே மேகம் சற்று விலகியபோது ஸ்காஃபெல் மலைத்தொடர் தெரிந்தது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர், அங்கேதான் இருக்கிறது.

கோட்டைக்கு மேலே வளைவுகள் மீண்டும் நெருங்குகின்றன. உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கடைசி வளைவுத் தொகுதிதான் இந்தச் சாலைக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஃபிரெட் விட்டன் சவால் என்ற சைக்கிள் நிகழ்வு ஆண்டுதோறும் இந்த மாவட்டத்தில் நடக்கிறது. உள்ளூர்ச் சைக்கிள் மன்றம் ஒன்றின் பந்தயச் செயலராக இருந்து, 1998-இல் ஐம்பதாவது வயதில் புற்றுநோயால் இறந்தவரின் நினைவாக 1999-இல் தொடங்கப்பட்டது. மொத்தம் 112 மைல். கிர்க்ஸ்டோன், ஹானிஸ்டர், நியூலேண்ட்ஸ், வின்லாட்டர் கணவாய்களை எல்லாம் கடந்து, ஏறத்தாழ நூறு மைல் ஓட்டிக் களைத்த பிறகு இந்த ஹார்ட்நாட் வரும்படி பாதையை அமைத்திருக்கிறார்கள். அவர்களிலும் பலர் இங்கே இறங்கித் தள்ளுகிறார்கள் என்பது எனக்குச் சிறிது ஆறுதல். நானும் இறங்கினேன். இம்முறை விழுவதற்கு முன்பே.

உச்சியில் ஒரு கற்குவியல் தவிர ஒன்றுமில்லை. மேகம் மீண்டும் மூடிவிட்டதால், தெளிந்த நாளில் தெரியும் ஐல் ஆஃப் மேன் தீவையும் பார்க்க முடியவில்லை. அறை இன்னும் ஒரு நாளைக்குப் பதிவாகியிருந்தது. வந்த வழியே இறங்கினோம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் சக்கர விளிம்பு தொட முடியாதபடி சுட்டது. இரண்டு இடங்களில் நின்று ஆறவிட்டோம்.

மாலையில் மைத்துனனிடம் கணக்கைக் காட்டினேன். அவன் வண்டியில் முன்னே 22, பின்னே 34. ஒரு சுற்றுக்கு 1.33 மீட்டர், 25 சதவீதச் சரிவில் 32 சென்டிமீட்டர் உயரம். இரண்டு படிகூட இல்லை. வண்டியின் கூடுதல் எடையைச் சேர்த்தாலும் அதே 40 சுற்றுக்கு 195 வாட் போதும். அவன் தாளைப் பார்க்கவே இல்லை. "நாளைக்கு என் வண்டியில நீங்க ஏறுங்க அத்தான். உங்க வண்டியை நான் தள்ளிக்கிட்டு வரேன், அது தள்ளத்தானே லேசா இருக்கு" என்றான்.

மூன்றாம் நாள்: கணவாயைக் கடந்து

காலையில் வெயில். அவன் என்னைவிட இரண்டு அங்குலம் குட்டை. இருக்கையை உயர்த்தி, பூட்டுக் காலணிக்குப் பதிலாகச் சாதாரணக் காலணியோடு கிளம்பினேன்.

இந்தப் பக்கத்து மேய்ப்பர்கள் ஆடுகளை எண்ணப் பழைய எண்ணுப்பெயர்களை வைத்திருந்தார்கள்: யான், டான், டெதெரா, மெதெரா, பிம்ப். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு சிறிது மாறும். ஆங்கிலம் இங்கு வருவதற்கு முன்பு பேசப்பட்ட, வெல்ஷ் மொழிக்கு உறவான மொழியின் எச்சம் அது என்பார்கள். வெல்ஷ் மொழியிலும் ஐந்துக்குப் பிம்ப் என்றே ஒலிப்பு. அம்மையார் முந்திய இரவு சொல்லித் தந்ததை வைத்து மிதிச்சுற்றுகளை ஐந்தைந்தாக எண்ணிக்கொண்டே போனேன். ஐந்து பிம்ப் ஆனதும் ஒரு முறை தலையை உயர்த்தி எதிரே கார் வருகிறதா என்று பார்ப்பது, பிறகு முன் சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் மட்டும் கண்ணை வைப்பது.

வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இவ்வளவு மெதுவாக ஓட்டுவது ஒரு தனி வித்தை. கைப்பிடியை நெரித்துப் பிடித்தால் வண்டி பாம்பாக நெளிகிறது, விரல்களைத் தளர்த்தினால் தானே நேராகிறது. நேற்று விழுந்த வளைவை வெளிப்புறமாகச் சுற்றித் தாண்டினேன். பெரணிப் புதரில் என் உடல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. ஹெர்ட்விக் ஆடுகள் சாலையின் நடுவில் படுத்திருந்தன. பிறக்கும்போது கறுப்பாக இருந்து, ஓராண்டில் பழுப்பாகி, வயது ஏற ஏறச் சாம்பல் நிறமாகும் இனம். முகம் மட்டும் உறைபனி படிந்தது போல வெளுப்பு. வேலியே இல்லாத மலையில், தாயிடமிருந்து கற்றுக்கொண்ட மேய்ச்சல் எல்லையை விட்டு அவை நகர்வதில்லை. அந்த எல்லைக்குள் சாலையும் அடங்கும் என்பதால் எனக்காகவும் நகரவில்லை. குட்டி ஒன்றைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

கோட்டை வரை இறங்காமல் வந்தேன். மேல் வளைவுகளில் முதலாவது முடிந்தது. இரண்டாவதில் மூச்சு எண்ணிக்கையை முந்திக்கொண்டது. மூன்றாவதன் வாயில் வந்தபோது மேலிருந்து ஒரு வேன் இறங்கி வந்து நின்றது. ஓட்டுநர் பின்னால் எடுக்கவும் முடியாது, நான் ஒதுங்கவும் இடமில்லை. காலை ஊன்றினேன். அவர் கையெடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சென்றார். அங்கிருந்து அடுத்த திருப்பம் வரை இருபது மீட்டர் போலத் தள்ளி, சற்றுச் சமமான இடத்தில் ஏறி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த இருபது மீட்டரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று மைத்துனன் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். சேர்க்கத்தான் வேண்டும்.

கிழக்கு இறக்கம் மேற்கைவிடக் கரடுமுரடானது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பகுதியை ராணுவம் வண்டிகளையும் டாங்கிகளையும் ஓட்டிப் பழகப் பயன்படுத்தியதில் பழைய பாதையின் மேற்பரப்பு முற்றிலும் சிதைந்துபோனது. போருக்குப் பின் அதைச் செப்பனிட்டபோதுதான் ஆம்பிள்சைடுக்கும் எஸ்க்டேலுக்கும் இடையே மோட்டார் வண்டிகள் நேரே செல்லும் சாலை முதன்முறையாகக் கிடைத்தது. கட்டிக் கொடுத்தது ரோமானியப் படை, கெடுத்துக் கொடுத்தது ஆங்கிலேயப் படை.

காக்லி பெக் பாலத்தில் டடன் ஆற்றைக் கடந்து, ரைனோஸ் பள்ளத்தின் சமவெளியில் சில கிலோமீட்டர் ஓடினால் ரைனோஸ் கணவாய். அதன் உச்சியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். இந்தப் பக்கமிருந்து ஏறுவது ஹார்ட்நாட்டுக்குப் பிறகு ஒரு பொருட்டே இல்லை. மேலே முக்கவுண்டிக் கல் நிற்கிறது. லங்காஷயர், கம்பர்லேண்ட், வெஸ்ட்மர்லேண்ட் ஆகிய மூன்று கவுண்டிகளும், அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளும், சந்தித்த இடம். கல்லில் லங்காஷயர் என்ற பெயரும் 1816 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. 1997-இல் துண்டுதுண்டாக உடைந்துபோய், அடுத்த ஆண்டு ஒட்டவைத்து நிறுத்தினார்கள். 1974-இல் இந்தப் பகுதி முழுவதையும் கம்ப்ரியா என்ற ஒரே நிர்வாகத்தில் சேர்த்தார்கள்; 2023-இல் அதை இரண்டாகப் பிரித்து, பழைய கம்பர்லேண்டும் வெஸ்ட்மர்லேண்டும் பெயரளவில் திரும்பி வந்துவிட்டன. கல் பொறுமையாகக் காத்திருந்தது போலும்.

கல்லின் அடியில் சைக்கிள்களை மாற்றிக்கொண்டோம். இருக்கையை இறக்கும்போது மைத்துனன் தன் வண்டியின் சங்கிலியைத் தடவிப் பார்த்து, "எண்ணெய்கூடப் போடாம ஏறியிருக்கீங்க அத்தான்" என்று கடிந்துகொண்டான். லிட்டில் லாங்டேல் வழியாக இறங்கி, ஆம்பிள்சைடைக் கடந்து, விண்டர்மியர் நிலையத்தில் மாலை ரயிலுக்குக் காத்திருந்தபோது, அந்தப் பழைய வண்டியை எப்போதாவது விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லும்படி கேட்டேன். ரயில் வரும்வரை அவன் விலை சொல்லவில்லை.